பொட்டுக்கு அடியில்

கோட்டைக்குப்பம்
7.7.2024

அன்புள்ள பவுனு அண்ணிக்கு,

கீதா எழுதிக்கொள்வது. நான் இங்கே நலம் என்று எழுத வேண்டும், ஆனால் நலமாக இல்லை. நீங்களும் உங்கள் நைனா துளசிங்கம் மாமாவும் சுகமாக இருக்க வேண்டும்.

நான்கு முறை போன் செய்தேன். ஒரு தரம் மணி அடித்து நின்றுவிடுகிறது. பிளாக் செய்திருக்கிறீர்கள் என்று புரிந்துகொண்டேன். பிறகு பழவேற்காடு மார்க்கெட்டில் நண்டு விற்கும் ரங்கம்மாளிடம் சொல்லி அனுப்பினேன். அது திரும்பி வந்து, “பேசினா நாளைக்கு நான் அப்புடிச் சொல்லவே இல்லன்னுடுவாங்களாம். இன்னா வேணுமோ எழுதிக் குடுக்கச் சொல்லிச்சி உன் அண்ணி” என்றது. அதனால்தான் இந்தக் கடிதம். பத்தாவது பரீட்சைக்குப் பிறகு நான் இவ்வளவு எழுதியதில்லை.

அண்ணி, எனக்கு நெற்றியில் வெள்ளை விழுந்திருக்கிறது. இரண்டு புருவத்துக்கும் நடுவில், துவரம்பருப்பு அளவு. குளித்துவிட்டுக் கண்ணாடி பார்க்கும்போது கண்டேன். தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை. உங்களுக்கு வந்த அதே இடம், அதே நிறம்.

இன்னும் யாருக்கும் தெரியாது. ராகுல் கடலுக்குப் போனால் மூன்று நாள், நான்கு நாள் கழித்துத்தான் கரைக்கு வருகிறார். வந்தாலும் தூக்கம். என் மாமியாருக்குக் கழுகுக் கண். அதற்குப் பயந்து பெரிய பொட்டாக வைத்து மறைக்கிறேன். “இன்னாடி, அம்மனுக்கு வெக்கிற மாதிரி வெக்கிற?” என்று கேட்டுவிட்டாள். சிரித்துச் சமாளித்தேன்.

தெரிந்தால் என்னை அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

உங்களுக்கு முழுக்கச் சரியாகிவிட்டது, நெற்றி பழையபடி ஆகிவிட்டது என்று ரங்கம்மாள் சொல்கிறது. எந்த டாக்டர், என்ன மருந்து, எதனால் வந்தது? ஒரு வரி எழுதினால் போதும். பழசை மனதில் வைக்காதீர்கள் அண்ணி. நீங்கள் நல்லவர்கள் என்று எனக்கு எப்போதும் தெரியும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு நாத்தனார்
கீதா


தோணிரேவு
11.7.2024

கீதாவுக்கு,

உன் கடிதம் ரங்கம்மாளின் கூடைக்கு அடியில் வந்தது. நண்டு நீர் பட்டு இரண்டு வரி அழிந்திருந்தது. “நீங்கள் நல்லவர்கள்” என்ற வரி மட்டும் அழியாமல் இருந்தது. படித்துச் சிரித்தேன். இரண்டு வருடத்தில் நான் அப்படிச் சிரித்ததில்லை. அதற்கு உனக்கு நன்றி.

பழசை மனதில் வைக்காதே என்கிறாய். எங்கே வைக்கட்டும்?

உனக்கு மறந்திருக்கலாம், நான் எழுதுகிறேன். 2022 ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. உங்கள் அம்மா வீட்டு முற்றத்தில் ஒன்பது பெண்கள் இறால் உரித்துக்கொண்டிருந்தோம். நீ உன் போனில் டார்ச்சைப் போட்டு, என் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, நெற்றியில் வெளிச்சம் அடித்தாய். “பாருங்க, வெண்குஷ்டம்!” என்றாய். மற்றவர்கள் எல்லாரும் எழுந்து தள்ளி உட்கார்ந்தார்கள். அன்று மதியமே என் தம்ளர் தனியாகிவிட்டது. என் துணி தனியாகிவிட்டது. நான் உரித்த இறாலை உன் அம்மா கஸ்தூரியம்மாள் கோழிக்குப் போட்டாள். உன் அண்ணன் சிவசங்கர் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

பிறகு ஊர்க்கூட்டம். அங்கே நீ சொன்னதை நான் எழுதப் போவதில்லை. நீதான் எழுத வேண்டும்.

இப்போது கேள். எதனால் வந்தது என்று எனக்குத் தெரியும். எதைச் செய்தால் நிற்கும் என்றும் தெரியும். நீ கேட்டபடி ஒரே வரிதான். அந்த வரியைத் தெரிந்துகொள்ள நான் பதினான்கு மாதம் பொன்னேரிக்குப் பஸ்ஸும் அங்கிருந்து சென்னைக்கு ரயிலுமாக அலைந்தேன். உனக்கு அதை ரங்கம்மாளின் கூடையில் போட்டு அனுப்ப வேண்டுமாம்.

அனுப்புகிறேன். முதலில் நீ எனக்கு என்ன செய்தாய் என்று உன் கையால் எழுது. தேதி போடு, கையெழுத்துப் போடு. அதன் பிறகு என் வரி வரும்.

அதுவரைக்கும் பெரிய பொட்டாகவே வை. உனக்கு எடுப்பாக இருக்கும்.

இப்படிக்கு,
நீ இப்போது திடீரென்று அண்ணி என்று கூப்பிடும்
பவுனம்மாள்


கோட்டைக்குப்பம்
24.7.2024

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து அழுதுவிட்டேன். இவ்வளவு கோபமா அண்ணி என் மேல்?

நீங்கள் கேட்டபடி எழுதுகிறேன். டார்ச் அடித்தது நான்தான். அது தப்பு. ஆனால் அம்மா சொல்லித்தான் அடித்தேன். “சின்னப் பொண்ணு நீ அடி, நான் அடிச்சா மாமியார் கொடுமைன்னுவாங்க” என்று அம்மா சொன்னது. எனக்கு அப்போது இருபது வயது. எனக்கு என்ன தெரியும்? பெரியவர்கள் சொன்னார்கள், செய்தேன். மன்னித்துவிடுங்கள்.

எழுதிவிட்டேன் அல்லவா? இப்போது சொல்லுங்கள். வெள்ளை வளர்கிறது. இப்போது ஒரு ரூபாய்க் காசு அளவு. பொட்டும் அதற்குத் தகுந்தபடி பெரிதாக்கிக்கொண்டே போகிறேன். கடையில் இதற்கு மேல் பெரிய பொட்டு இல்லையாம்.

பொறுக்க முடியாமல் எளாவூர்ப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக்காரரிடம் போனேன். கார்போக அரிசியை அரைத்துப் பூசிக்கொண்டு வெயிலில் நில் என்றார். மாமியார் மார்க்கெட்டுக்குப் போன நேரத்தில் கொல்லையில் நின்றேன். தோல் வெந்து கொப்புளம் கண்டது. எண்ணெய் தெறித்துவிட்டது என்று பொய் சொன்னேன். கொப்புளத்தின் மேலும் பொட்டு ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். ராகுல் கடலில் இருக்கும்போது நெற்றி வெறுமையாக இருந்தால் மாமியார் ஊரையே கூட்டிவிடுவாள். உங்களுக்குத் தெரியாதா?

அம்மாவிடம் மட்டும் சொன்னேன். “அவகிட்ட இருந்துதான் உனக்கு ஒட்டிகிச்சி. ஒரே வீட்ல ஒரே சீப்புல தலை வாரினீங்களே” என்று அம்மா சொல்கிறது. நான் அப்படி நினைக்கவில்லை அண்ணி. அம்மா சொன்னதைத்தான் எழுதுகிறேன்.

பதில் சீக்கிரம் போடுங்கள்.

இப்படிக்கு,
கீதா


தோணிரேவு
30.7.2024

கீதாவுக்கு,

பாதி எழுதி அனுப்பியிருக்கிறாய். பாதி மீனுக்கு யாராவது முழு விலை கொடுப்பார்களா? உன் கடிதத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

உன் அம்மா ஒட்டிக்கொண்டது என்கிறாளா? அப்படியானால் ஆஸ்பத்திரியில் எனக்கு என்ன சொன்னார்கள் என்பதை இலவசமாகச் சொல்கிறேன். உன் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டு.

சென்னைப் பெரியாஸ்பத்திரியில் தோல் பிரிவுக்கு என்று தனியாக வரிசை உண்டு. முதல் நாள் நான் முந்தானையை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒருத்திக்குக் கன்னம் முழுக்கக் கறுப்பு. அதற்கு மங்கு என்று பெயராம், வெயிலாலும் பிள்ளைப்பேற்றாலும் வருமாம். ஒரு பையனுக்கு முதுகெல்லாம் வெளிறிய தேமல். வியர்வையில் வளரும் பூஞ்சையாம், மருந்து போட்டால் போய்விடுமாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், ஒரு காரணம், ஒரு மருந்து. நம் ஊரில் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான், ஒரே மருந்துதான். பெயர் குஷ்டம், மருந்து பிறந்த வீடு.

அங்கிருந்த டாக்டரம்மா பேனா முனையால் என் நெற்றியில் குத்திக் குத்தி, “தெரியுதா, தெரியுதா?” என்று கேட்டார். தெரிந்தது. குஷ்டம் என்றால் அந்த இடத்தில் உணர்ச்சி இருக்காதாம். “இது குஷ்டமே கிடையாது. தொட்டா ஒட்டாது, சீப்பால ஒட்டாது, கூடப் படுத்தாலும் ஒட்டாது. யாரும்மா உனக்குத் தனித் தம்ளர் குடுத்தது?” என்று கேட்டார். ஆறு மாதமாக அழாதவள் அங்கே அழுதேன். பிறகு இருட்டறையில் ஒரு நீல விளக்கு வைத்துப் பார்த்தார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார். அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதிலில்தான் எல்லாம் இருந்தது. அந்தக் கேள்வி எது என்று உனக்கு இன்னும் சொல்ல மாட்டேன்.

அதன் பிறகு தினமும் களிம்பு, வாரம் இரண்டு நாள் ஒரு பெட்டி மாதிரி இருக்கும் விளக்கின் முன்னால் நிற்பது. வெள்ளைக்குள் முதலில் கறுப்பாக ஒரு புள்ளி வந்தது. மயிர்க்கால் இருக்கும் இடத்திலிருந்துதான் நிறம் திரும்புமாம். அந்தப் புள்ளியைப் பார்த்த அன்று நானும் நைனாவும் பொன்னேரியில் இறங்கி ஆளுக்கொரு மசால்தோசை சாப்பிட்டோம்.

நைனாவைப் பற்றி எழுத வந்ததால் சொல்கிறேன். நீ டார்ச் அடித்ததை நான் மறந்தாலும் மறப்பேன். ஊர்க்கூட்டத்தில் கோயில் வாசலில் நீ எழுந்து நின்று சொன்ன ஒரு பொய் இருக்கிறது. அந்தப் பொய்யைக் கேட்டுத்தான் என் நைனா தலைத்துண்டை அவிழ்த்துக் கீழே போட்டு, உன் அம்மாவின் காலில் விழுந்தார். ஐம்பத்தெட்டு வயது மனிதர். புயலில் கவிழ்ந்த படகிலிருந்து நாலு பேரை இழுத்து வந்தவர். உன் அம்மா கால்களை நகர்த்திக்கொண்டாள், தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று.

அந்தப் பொய்யை எழுது. ஏன் சொன்னாய் என்றும் எழுது. அம்மா சொன்னாள், ஆட்டுக்குட்டி சொன்னது என்று எழுதினால் மறுபடியும் திருப்பி அனுப்புவேன். எனக்கு அவசரம் இல்லை. அவசரம் உன் நெற்றிக்கு.

பவுனம்மாள்


கோட்டைக்குப்பம்
19.8.2024

அண்ணி,

பத்து நாளாக எழுதுவதும் கிழிப்பதுமாக இருக்கிறேன். இனி முடியாது. போன வெள்ளிக்கிழமை தூக்கத்தில் கொப்புளத் தோல் உரிந்து பொட்டு விழுந்துவிட்டது. ராகுல் எனக்கு முன்னால் எழுந்துவிட்டார். என் நெற்றியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். தலையணையில் ஒட்டியிருந்த பொட்டை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுக் கடலுக்குப் போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

எழுதுகிறேன்.

ஊர்க்கூட்டத்தில் நான் சொன்னது: “கல்யாணத்துக்கு முந்தியே அண்ணிக்கு நெத்தியில வெள்ளை இருந்துச்சி. நிச்சயத்தன்னிக்கே நான் பாத்தேன். பவுடரப் பூசி மறைச்சிக் குடுத்துட்டாங்க.” அது பொய். நிச்சயத்தன்று உங்கள் நெற்றி சுத்தமாக இருந்தது. நான்தான் உங்களுக்கு அன்று தலை பின்னிவிட்டேன். எனக்குத் தெரியாமல் இருக்குமா? கல்யாணமாகி ஒன்பது மாதம் கழித்துத்தான் வந்தது. அதையும் முதலில் கண்டுபிடித்து உங்களிடம் சொன்னது நான்தான். அப்போது நாம் இருவரும் சேர்ந்து கவலைப்பட்டோம்.

ஏன் சொன்னேன் என்றால், ராகுலை எனக்குப் பிடித்திருந்தது. பழவேற்காடு மாதா கோயில் திருவிழாவில் பார்த்ததிலிருந்து. அவர்கள் வீட்டில் பெண் கொடுத்துப் பெண் எடுப்பது என்றால்தான் சம்மதம் என்றார்கள். ராகுலின் தங்கை அம்மணிக்கும் சேர்த்து ஒரு மாப்பிள்ளை எங்கள் வீட்டிலிருந்து வேண்டும். எங்கள் வீட்டில் அண்ணனைத் தவிர யார் இருக்கிறார்கள்? அண்ணனுக்கு நீங்கள் இருந்தீர்கள். அந்தச் சமயத்தில்தான் உங்களுக்கு வெள்ளை வந்தது. அம்மா அதைச் சாமி கொடுத்த வழி என்றது. நானும் அப்படித்தான் நினைத்தேன். அம்மா மேல் மட்டும் போட மாட்டேன். கல்யாணத்துக்குப் பிறகு வந்த நோய் என்றால் ஊர் கல்யாணத்தைத் தீர்த்துவிடாது, முன்னாலேயே இருந்ததை மறைத்தார்கள் என்றால்தான் தீர்த்துவிடும் என்று யோசித்துச் சொன்னது நான்தான். அம்மாவுக்கு அவ்வளவு தோன்றாது.

ஊர் தீர்த்துவிட்டது. தை மாதம் ஒரே பந்தலில் எனக்கும் ராகுலுக்கும், அண்ணனுக்கும் அம்மணிக்கும் கல்யாணம் நடந்தது.

துளசிங்கம் மாமா என் அம்மாவின் காலில் விழுந்தபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதையும் எழுதிவிடுகிறேன்.

வேறு யாரும் சொல்லி எழுதவில்லை. இது என் கையெழுத்து. இப்போதாவது சொல்லுங்கள் அண்ணி.

சி. கீதா
19.8.2024


தோணிரேவு
23.8.2024

கீதாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நைனாவுக்கு வாசித்துக் காட்டினேன். இன்னொரு தரம் படி என்றார். படித்தேன். வாங்கி மடித்துத் தன் டிரங்குப் பெட்டியில் வைத்துக்கொண்டார். அன்று இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். உன் கடிதத்தை யாருக்கும் காட்ட மாட்டோம். ஊரைக் கூட்டுவோம், உன் அண்ணன் வீட்டுக்கு அனுப்புவோம் என்று பயப்படாதே. காட்ட வேண்டிய தேவை இருக்காது. ஏன் என்று இதைப் படித்து முடிக்கும்போது உனக்கே தெரியும்.

டாக்டரம்மா கேட்ட கேள்வி இதுதான்: “பொட்டு எப்படிம்மா ஒட்டுற?”

நான் சொன்ன பதில் உனக்கு ஞாபகம் இருக்க வேண்டும். நான் கல்யாணமாகி வந்த புதிதில் ஏரியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிப்போமே. குங்குமம் வைத்தால் வழிந்து கண்ணில் இறங்கும். ஸ்டிக்கர் பொட்டு வைத்தால் உப்புத் தண்ணீரில் கழன்றுபோகும். புருஷன் கடலில் இருக்கும்போது நெற்றி வெறுமையாக இருக்கலாமா என்று உன் அம்மா ஒவ்வொரு நாளும் கரையில் நின்று என் முகத்தைப் பார்ப்பாள். அப்போது நீதான் எனக்கு வழி சொன்னாய். “அண்ணி, பொட்டுக்குப் பின்னாடி செருப்பு ஒட்டுற பசைய ஒரு சொட்டு வெச்சி ஒட்டு. சுறா வந்து இழுத்தாலும் வராது” என்றாய். எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்றாய். உண்மைதான், செய்கிறார்கள்.

அந்தப் பசைதான் கீதா. ஸ்டிக்கர் பொட்டில் இருக்கும் கோந்திலேயே சிலருக்கு ஆகாத ரசாயனம் ஒன்று இருக்கிறதாம். செருப்புப் பசையில் அது இன்னும் அதிகம். ராத்திரி பகல் எடுக்காமல் ஒரே இடத்தில் ஒட்டிவைத்தால் தோலுக்கு நிறம் கொடுக்கும் அணுக்களை அது கொன்றுவிடும். எல்லாருக்கும் வராது. எனக்கு வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் நீ ராத்திரியில் பொட்டைக் கழற்றிக் கண்ணாடியில் ஒட்டுவாய், அதனால் உனக்கு வரவில்லை. இப்போது உன் புருஷனும் கடலுக்குப் போகிறான், நீயும் பசை வைத்து ஒட்டிய பொட்டைக் கழற்றுவதில்லை.

அதாவது, எனக்கு வெள்ளை வந்தது உன் அண்ணனுக்காக. அவர் கடலில் இருந்த ஒரு நாளும் என் நெற்றி வெறுமையாக இருந்ததில்லை. அதற்காகத்தான் என்னைத் துரத்தினீர்கள்.

உன் முதல் கடிதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, பெரிய பொட்டு வைத்து மறைக்கிறேன் என்று நீ எழுதிய வரியில். உடனே எடு என்று எழுதியிருந்தால் துவரம்பருப்போடு நின்றிருக்கும். பெரிய பொட்டாகவே வை என்று எழுதினேன். தெரிந்துதான் எழுதினேன். ஆறு வாரம் அது வளர்வதை நினைத்துப் பார்த்துக்கொண்டே படுத்தேன், நன்றாகத் தூங்கினேன். இது பாவம் என்றால் பாவம்தான். நீயும் யோசித்துத்தான் பொய் சொன்னாய், நானும் யோசித்துத்தான் எழுதினேன். உன்னைப் போலவே நானும் இதை என் கையெழுத்தில் கொடுத்துவிட்டேன், வைத்துக்கொள்.

இப்போது மருந்து. திங்கள், வியாழன் காலை ஏழரைக்குள் பெரியாஸ்பத்திரியில் தோல் பிரிவுக்குச் சீட்டு வாங்கிவிடு. கொப்புளம் ஆறட்டும், நாட்டு மருந்தைத் தொடாதே. அவர்கள் கொடுக்கும் களிம்பைத் தவிர வேறு எதையும் கடையில் வாங்கிப் பூசாதே. விளக்குக்குத் தவறாமல் போ. எட்டு மாதமோ ஒரு வருடமோ ஆகும். முழுக்கத் திரும்பும் என்று சத்தியம் செய்ய முடியாது. ரங்கம்மாளுக்குக் கண் மங்கல், எனக்கே இன்னும் எள் அளவு ஒன்று மிச்சம் இருக்கிறது. நான் அதை மறைப்பதில்லை.

ஆனால் இதெல்லாம் இரண்டாவது. முதல் மருந்து பொட்டை எடுப்பது. பசைப் பொட்டு மட்டும் இல்லை, எந்தப் பொட்டும் கூடாது. அந்தத் தோல் ஆறும்வரை குங்குமமும் வேண்டாம் என்றார்கள். பவுடர் வேண்டாம். வெள்ளையோடு, வெறும் நெற்றியோடு, எல்லார் கண்ணிலும் பட்டுக்கொண்டு நடக்க வேண்டும். மறைத்தால் ஆறாது. இதற்கு மாற்று மருந்து இருக்கிறதா என்று நான் டாக்டரம்மாவிடம் கெஞ்சிக் கேட்டேன். இல்லை.

உன் மாமியார், “இன்னாடி இது, எம்புள்ள கடல்ல இருக்கான், மூளியா வந்து நிக்கிற?” என்று கேட்பாள். நீ பதில் சொல்லியாக வேண்டும். பசை என்று சொன்னால், இதே வெள்ளை உன் பழைய அண்ணிக்கும் இருந்ததே என்பாள். அவளுக்கும் பசைதான் என்று சொல்ல வேண்டியிருக்கும். அப்படியானால் கல்யாணத்துக்கு முந்தியே இருந்தது என்று ஊரில் சொன்னாயே என்பாள். அதற்கு என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியாது. நீ கெட்டிக்காரி, யோசித்துச் சொல்வாய்.

உன்னை அனுப்பிவிட மாட்டார்கள். அனுப்பினால் அம்மணியும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருவாள் என்று அவர்களுக்குத் தெரியும். எனக்குத்தான் அப்படி மாற்றாக நிற்க ஒருத்தி இருக்கவில்லை.

அம்மணியின் நெற்றியையும் போய்ப் பார். உன் அம்மா அவளையும் கரையில் நிறுத்தித்தான் பார்ப்பாள். அவள் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை. அவளிடம் இன்றைக்கே சொல்.

இனி எழுதாதே. எழுதினால் ரங்கம்மாள் வாங்காது, சொல்லிவிட்டேன்.

காற்று இரண்டு நாளாக நன்றாக இருக்கிறது, எல்லாப் படகும் போயிருக்கிறது. ராகுலும் கடலில்தான் இருப்பான். அவன் திரும்பி வரட்டும் என்று காத்திருக்காதே, பொட்டை இப்போதே எடு.

து. பவுனம்மாள்